நெம்பிப் பார்க்க ஒரு ஆள்

இரண்டு மாதமாக என் கார் சொல்லிக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, இடது முன்சக்கரத்துப் பக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். வேகமாகப் போனால் கேட்காது. தெருவுக்குள் மெதுவாக வரும்போதும், வீட்டு வாசல் சரிவில் ஏற்றும்போதும் கேட்கும். முப்பத்திரண்டு வருடம் சென்னைப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் இரும்போடு வாழ்ந்தவன் நான். இரும்பு போடும் சத்தத்தில் நல்லது கெட்டது தெரியும். இது கெட்ட சத்தம்.

இரண்டு தடவை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். முதல் தடவை காரின் வயிற்றில் ஒரு ஒயரைச் செருகி, கையில் இருந்த திரையைப் பார்த்துவிட்டு, "ஃபால்ட் கோடு எதுவும் வரலை சார், வண்டி சூப்பரா இருக்கு" என்றார்கள். இரண்டாவது தடவை வேறொரு இளைஞர் வந்தார். என்னோடு ஒரு சுற்று வந்தார். சத்தத்தை அவரும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் சார், அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்றார். வண்டியை ஜாக்கியில் தூக்கவில்லை. ஒரு கம்பியை உள்ளே கொடுத்து நெம்பிப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. அண்ணா நகரிலிருந்து வந்து பாடி மேம்பாலம் இறங்கி, கோயில் பக்கமாக உள்ளே திரும்பினேன். காலையில் இல்லாத ஒரு வேகத்தடை அந்தத் தெருவில் முளைத்திருந்தது. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, தார் இன்னும் பளபளத்தது. முப்பதுக்கும் குறைவான வேகத்தில்தான் ஏறினேன். இறங்கும்போது காரின் மூக்கு இடது பக்கமாக அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஸ்டியரிங் கையை விட்டு ஒரு உதறு உதறியது. இறங்கிப் பார்த்தேன். சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே பிதுங்கி, மேல்பகுதி ஃபெண்டருக்குள் புகுந்து, கணுக்கால் பிசகிய மாட்டைப் போல வண்டி தெருவில் சாய்ந்து கிடந்தது.

டீக்கடைப் பையன்கள் நான்கு பேர் ஓடி வந்தார்கள். "அண்ணே, அடி எதுவும் படலையே?" என்று முதலில் கேட்டது அவர்கள்தான். அதற்குப் பிறகு நான் பேசிய எத்தனையோ பேரில் யாரும் அதைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஃபோன் செய்தபோது என் மனைவி சொன்ன ஒரே வார்த்தை, "போன ஞாயித்துக்கிழமை வேலூர் போனோமேங்க." எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஞாயிறு பெங்களூர் நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டு ஓட்டியிருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கழன்றது அங்கே கழன்றிருந்தால்?

இந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "வயசான காலத்துல எதுக்கு சார் ரெண்டு சீட்டு வண்டி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில், பள்ளிக்கூடப் பையனாக, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்குப் பாடியிலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். வெயிலில் நின்று, தூசி தின்று, காது அடைக்கத் திரும்பி வருவோம். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. எனக்கும் குடும்பம், கடன், பிள்ளைகள் படிப்பு என்று நாட்கள் போய்விட்டன. ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பத்து வயது தாண்டிய ஒரு ஜெர்மன் வண்டியை இரண்டாம் கையாக வாங்கினேன். ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். நாற்பது வருடம் காத்திருந்து வாங்கியது அது.

வாங்கிய வருடமே மிக்ஜாம் புயல். 2023 டிசம்பரில் கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட் பக்கமெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவிலும் நின்றது. வண்டி இரண்டு நாள் சக்கரம் மூழ்க நின்றது. அதற்குப் பிறகு சர்வீஸுக்கு விட்டேன். ஆயில் மாற்றினார்கள், உள்ளே கார்பெட்டைக் காயவைத்தார்கள், நல்ல வாசனை அடித்துக் கொடுத்தார்கள். அடியில் இருக்கிற ரப்பர் உறைகளை யாராவது பார்த்தார்களா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கழன்றது பால் ஜாயின்ட். நம் இடுப்பு மூட்டு மாதிரிதான் அதுவும். ஒரு எஃகுப் பந்து, அது உட்கார ஒரு கிண்ணம், நடுவில் கிரீஸ், மேலே ஒரு ரப்பர் உறை. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் கீழே இருக்கும் லோயர் ஆர்மையும் இணைப்பது இதுதான். சக்கரம் மேலும் கீழும் போக வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இரண்டையும் இந்தப் பந்துதான் அனுமதிக்கிறது. ரப்பர் உறையில் ஒரு சின்ன கிழிசல் விழுந்தால் போதும். தண்ணீர் போகும், மணல் போகும், கிரீஸ் கரையும், பந்து துருப்பிடித்துத் தேயும். தேய்ந்தால் கிண்ணத்துக்குள் ஆட்டம் வரும். அந்த ஆட்டத்தின் சத்தம்தான் நான் கேட்ட "டொக்". ஒரு நாள் பந்து கிண்ணத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இதற்கு சென்சார் கிடையாது. என்ஜினுக்கு இருக்கிறது, பிரேக்குக்கு இருக்கிறது, டயர் காற்றுக்குக்கூட இருக்கிறது. ஒரு பந்து கிண்ணத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆடுவதை என் காரின் எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. ஜாக்கி போட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டு, கம்பியால் நெம்பினால் கை சொல்லும். கை மட்டும்தான் சொல்லும்.

இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமை பொங்குவதற்குக் காரணம் ஊர். இது எந்த ஊரில் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பஸ் நிறுத்தத்துக்கே தொழிற்சாலையின் பெயர் வைத்த ஊர். கண்டக்டர் "லூகாஸ், பிரிட்டானியா, டன்லப்" என்று கூவிக்கொண்டே போகும் சாலை. வீல்ஸ் இந்தியா 1960-ல் தொடங்கியது, லூகாஸ் டிவிஎஸ் 1961-ல், பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-ல். சக்கரம், ஸ்டார்ட்டர், பிரேக், பஸ்ஸுக்கான ஏர் சஸ்பென்ஷன் என்று வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் எத்தனையோ சாமான்கள் இங்கே பிறந்து போகின்றன. இந்தியாவிலேயே முதன்முதலாக டெமிங் பரிசு வாங்கியது பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல். தரத்துக்காக ஜப்பான்காரர்கள் கொடுக்கும் பரிசு. அந்தச் செய்தி வந்த நாளில் வேறு கம்பெனிகளில் வேலை பார்த்த நாங்கள்கூட எங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி சந்தோஷப்பட்டோம்.

அந்த வருடங்களில் இந்தச் சாலையில் இருந்த கம்பெனிகளில் தினமும் ஓதப்பட்ட பாடம் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டைப் பார்க்காதே, இடத்துக்குப் போ, பொருளைத் தொடு. ஒரு போல்ட் உடைந்தால் ஏன் என்று கேள், பதில் வந்தால் அதற்கும் ஏன் என்று கேள். எங்கள் ஃபோர்மேன் ஒரு படி மேலே போவார். குறை வந்த இடத்துக்குப் போகாமல் மீட்டிங்கில் பேசினால், "நீ பார்த்தியா? தொட்டியா? அப்போ உக்காரு" என்பார். அந்த ஊரில், அந்தத் தொழிற்சாலைகளின் சங்கு கேட்கும் தூரத்தில், என் காரைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

அன்றிரவு ரெக்கவரி வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. வந்த டிரைவர் தம்பிக்கு வேலை தெரிந்திருந்தது. "சார், சக்கரம் உருளாது. வின்ச் போட்டு இழுத்தா ஃபெண்டர், ஆயில் பேன் எல்லாம் போயிரும்" என்று சொல்லி, டீக்கடையிலிருந்து இரண்டு மரப்பலகை வாங்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றினார். முழுதாக நாற்பது நிமிடம். அந்த இரவில் என் காரைக் கையால் தொட்டு, குனிந்து பார்த்து, யோசித்து வேலை செய்த ஒரே ஆள் அவர்.

காலையில் வொர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பால் ஜாயின்ட் தனியாகக் கிடையாது. அலுமினியத்தில் அடித்த லோயர் ஆர்மோடு சேர்ந்து ஒரே பீஸாகத்தான் வரும். அதோடு ஸ்ட்ரட், லிங்க் ராட், ஃபெண்டர், டயர், அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம். சாமான் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம்.

ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் விசாரித்தேன், இல்லை. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடினேன். ஒரு கடையில் அதே ஆர்ம் இருந்தது, ஆனால் அதன் பால் ஜாயின்ட்டைக் கையால் ஆட்டினாலே ஆடியது. மண்ணூர்பேட்டையில் தெரிந்த லேத்துக்காரர், "சார், பழசைத் தள்ளிட்டு வேற பால் ஜாயின்ட் அளவெடுத்து பிரஸ் பண்ணிக் கொடுக்கறேன். லாரிக்கெல்லாம் பண்றதுதானே" என்றார். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நான்தான் வேண்டாம் என்றேன். அலுமினிய ஃபோர்ஜிங்கில் அந்தத் துளையை ஒரு தடவை இறுக்கத்துக்கு மேல் தள்ளினால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் விழும். கம்பெனி அதை ஒரே பீஸாக விற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. என் வயிற்றெரிச்சல் அங்கே இல்லை. அந்தப் பந்து ஆட ஆரம்பித்ததைச் சொன்ன அன்றே பார்த்திருந்தால், ஆர்மை மட்டும் வரவழைத்து மாற்றியிருக்கலாம். ஸ்ட்ரட் தப்பித்திருக்கும், ஃபெண்டர் தப்பித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலூர் போயிருக்க மாட்டேன்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். பத்து நிமிடம். மூன்று ஃபோட்டோ. "வேர் அண்ட் டேர் சார். மெக்கானிக்கல் பிரேக்டவுன். பாலிசியில வராது." தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பாலிசியில் வராது என்பது எனக்கும் தெரியும், அச்சடித்தே இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கியதால் உடைந்தது, அது விபத்துதானே என்று கேட்டேன். "அப்படின்னா ஸ்பீட் பிரேக்கர் மேல ஏறுற எல்லா வண்டியும் உடையணுமே சார்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. அப்படியே ஒத்துக்கொண்டாலும் பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகச் சாமானில் பாதி கழிவு, ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் பாதி கழிவு.

சர்வேயர் விட்ட மீதிப் பாதி உண்மையைத் தேடி, அடுத்த நாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு இருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி போகும் திசையில் நீளம் 3.7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்க ஏற்ற மாதிரி மெதுவான வளைவு. கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டருக்கு முன்பே பலகை வைக்க வேண்டும். நான் அளந்த மேடு நீளத்தில் அரை மீட்டரைத் தாண்டவில்லை. உயரம் 14 சென்டிமீட்டர். அது வேகத்தடை அல்ல, தாரில் கட்டிய வரப்பு. பெயின்ட் எப்போது அடிப்பார்கள் என்று போய்க் கேட்டேன். அது எங்கள் வேலை இல்லை என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் மனு எழுதி வாங்கிக்கொண்டார்கள். தெருவில் விசாரித்தால், போன மாதம் ஒரு ஸ்கூட்டர் ஒரு குழந்தையை இடித்துவிட்டதாம். தெருக்காரர்கள் கேட்டுப் போட்ட மேடாம். அவர்கள் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? அதே மேட்டில் இரவில் ஒரு டிவிஎஸ் 50 ஏறினால் பின்னால் உட்கார்ந்த அம்மா கீழே விழுவார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையைத் தரக்கணக்குப்படி போடாமல் யாராவது செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கை கால் நன்றாக இருக்கிறது. அதனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் அந்தத் தெருவில் எதுவுமே நடக்கவில்லை.

ஒடியும் முன்பே பார்க்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. என் தாத்தாவிடம் வில்வண்டி இருந்தது, திருவள்ளூர் பக்கத்தில். பட்டை ஸ்பிரிங் வைத்ததால் அதற்கு அந்தப் பெயர். சந்தைக்குப் போகிற வழியில் ஒரு தடவை பட்டை ஒடிந்தபோது, கொல்லர் வந்து முதலில் ஒடிந்த பட்டையைத் தொடவே இல்லையாம். நல்ல பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாராம். "இதுவும் போகப் போகுது" என்று இன்னொன்றைக் காட்டினாராம். அப்பா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒடிந்தது கண்ணுக்குத் தெரியும், ஒடியப்போவதுதான் காதுக்குத் தெரியும் என்பார்.

ஒடியப்போவது தெரிந்தே ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். 2005-ல் நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் ஃபார்முலா ஒன் ஓட்டினார். அதனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு ரேஸையும் விடவில்லை. மே 29, நூர்பர்க்ரிங். முன்னால் போய்க்கொண்டிருந்த கிமி ரைக்கோனனின் வலது முன்டயர் ஒரு இடத்தில் தட்டையாகித் தேய்ந்து, சக்கரம் அதிர ஆரம்பித்தது. டிவியில் பார்த்த எனக்கே பதறியது. கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்து, கார் சுழன்று ஓடியது. அலோன்சோ ஜெயித்தார். அங்கே ஆடுவது எல்லோருக்கும் தெரிந்தது, ஜெயிப்பதற்காகத் துணிந்து ஓட்டினார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. எனக்கு அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பையே கொடுக்கவில்லை. "பழகிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் பழகிக்கொள்ளப் பார்த்தேன். என் காதை விட அவர்களுடைய திரையை நம்பினேன்.

பன்னிரண்டாம் நாள், எங்கள் பழைய ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது. மஞ்சள் பையில் ஒரு டயர் லீவரைச் சுற்றி எடுத்து வந்திருந்தார். கஸ்டமர் உள்ளே வரக்கூடாது, சேஃப்டி ரூல் என்றார்கள். அவர் சத்தம் போடவில்லை. "முப்பது வருஷம் சேஃப்டி கமிட்டியில இருந்தவன் தம்பி. ஹெல்மெட் கொடுங்க, ஷூ கொடுங்க, போட்டுக்கறேன்" என்றார். கொடுத்தார்கள்.

கார் லிஃப்ட்டில் நின்றது. இடது சக்கரம் கழற்றப்பட்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. நேராக வலது சக்கரத்துக்குப் போனார். ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் லீவரைக் கொடுத்தார். ஒரு கையால் ரப்பர் உறையைத் தடவினார். விரலில் துருப்பொடி ஒட்டியது. லீவரை மெல்ல மேலே தூக்கினார்.

டொக்.

என் கையில் இருந்த எஸ்டிமேட்டில் இடது பக்கம் மட்டும்தான் இருந்தது.

சர்வீஸ் அட்வைஸர் இளைஞர் உடனே டேப்லெட்டை எடுத்தார். "அதையும் சேர்த்துடறேன் சார். ரெவைஸ்டு எஸ்டிமேட் வாட்ஸ்அப்ல வந்துரும்." அவருக்குப் பின்னால், கிரீஸ் படிந்த யூனிஃபார்மில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு டெக்னீஷியன் பையன் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஃபோர்மேன் அவனைக் கூப்பிட்டார். லீவரின் பிடியைத் துணியில் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

"இந்த இடத்துல வை. இன்னும் கொஞ்சம் கீழே. இப்போ தூக்கு. கையில தெரியுதா?"

பையன் தூக்கினான். நின்றான். மறுபடியும் தூக்கினான்.

"தெரியுது ஐயா," என்றான்.